தஞ்சத்துக்கு ஒரு சட்டம்

காளிகாட் கோயிலிலிருந்து அதிக தூரமில்லை, ஆதிகங்கைக்கு அக்கரையில் அலிப்பூரில் இருக்கும் பிரசிடென்சி சிறை. பர்மாவின் அரக்கான், கரென் இனங்களைச் சேர்ந்த 34 பேர் 2006-ல் அங்கே கொண்டுவரப்பட்டனர். அதற்கு முந்தைய எட்டு ஆண்டுகள் அந்தமானிலேயே கழிந்துவிட்டன.

1998 பிப்ரவரியில் 'ஆபரேஷன் லீச்' நடவடிக்கையில் லேண்ட்ஃபால் தீவில் சிக்கியவர்கள் இவர்கள். தலைவர்கள் ஆறு பேர் கொல்லப்பட்டனர். ஆயுதக் கடத்தல்காரர்கள் என்றது ராணுவம். பர்மிய ராணுவ ஆட்சியை எதிர்ப்பவர்கள் நாங்கள், இந்திய உளவு அதிகாரி ஒருவரை நம்பி வந்து ஏமாந்தோம் என்றனர் இவர்கள். சி.பி.ஐ. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யவே ஆறு ஆண்டுகள் ஆயின.

இவர்களுக்காக வாதாடியவர் வழக்கறிஞர் நந்திதா ஹக்ஸர். லண்டனிலோ டொரன்டோவிலோ தஞ்சம் கேட்பவரின் வக்கீலுக்கு வேலை தெளிவானது: மனுவை நிரப்புவது, ஆதாரம் திரட்டுவது, நிராகரித்தால் மேல்முறையீடு செய்வது. இந்தியாவில் நிரப்புவதற்கு அப்படியொரு மனுவே கிடையாது. எனவே போராட்டம் பல முனைகளில் நடந்தது. உச்ச நீதிமன்றம் மூலம் வழக்கு கல்கத்தாவுக்கு மாறியது. ஐ.நா. அகதிகள் ஆணையம் இவர்களை அகதிகளாக ஏற்றது. 2010 ஜூலையில் நீதிமன்றம் விதித்த தண்டனை மூன்று ஆண்டுகள். அதற்குள் பன்னிரண்டு ஆண்டுகள் ஓடியிருந்தன! 2011-ல்தான் சிறைக்கதவு திறந்தது.

1951-ம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை. திபெத்தியர்களையும் இலங்கைத் தமிழர்களையும் அரசே கவனிக்கிறது. பர்மியர், ஆப்கானியர் போன்றோர் ஐ.நா. ஆணையத்தை நாட வேண்டும். அது தரும் அட்டைக்கு மரியாதை உண்டு. சட்ட பலம் இல்லை.

இந்த வெற்றிடத்தை ஓரளவு நிரப்பியவை நீதிமன்றங்கள். இலங்கை அகதிகள் விருப்பத்தோடுதான் திரும்புகிறார்களா என்ற கேள்வி 1992-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் எழுந்தது. அருணாசலத்தில் சக்மாக்களின் உயிரைக் காப்பது அரசின் கடமை என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. உயிர் வாழும் உரிமை தரும் 21-வது ஷரத்து குடிமக்களுக்கு மட்டுமல்ல, அந்நியர்களுக்கும் பொருந்தும். ஆனால் இதைச் சொல்ல ஒவ்வொரு முறையும் ஒரு வக்கீல் வேண்டும். அந்த வக்கீல் சிறைக்குள் இருப்பவரைத் தேடி வரவும் வேண்டும்.

1946-ம் ஆண்டின் அந்நியர் சட்டத்துக்குப் பதிலாக 2025-ல் புதிய குடியேற்றச் சட்டம் வந்தது. அதிலும் அகதி என்ற தனிப் பிரிவு இல்லை. 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு ஓர் உத்தரவு மூலம் தண்டனையிலிருந்து விலக்கு கிடைத்தது. நல்ல காரியம்தான். ஆனால் இன்று உத்தரவால் கொடுத்ததை நாளை இன்னொரு உத்தரவால் எடுத்துவிடலாம்.

2015-ல் சசி தரூர் மக்களவையில் கொண்டுவந்த தஞ்ச மசோதா, தனிநபர் மசோதாக்களின் வழக்கமான கதியையே அடைந்தது. வந்தவர் எல்லாரையும் தங்க வைக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஒற்றன் யார், அகதி யார் என்று பிரித்தறிய ஒரு விசாரணை முறையும் அதற்கொரு கால வரம்பும் இருந்தால் போதும். அந்த முறை 1998-ல் இருந்திருந்தால், பதில் கிடைக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருக்காது.