பக்கத்துக் கட்டிலில் யார்?

ஈரோட்டுப் பக்கம் ஒரு சிற்றூர். பொதுக்கூட்டம் முடிந்து மேடையை விட்டு இறங்கியபோது மணி பத்தரை. நாற்காலிகளை அடுக்கும் ஓசை. அந்த ஓசைக்கு நடுவே தோழர் ஒருவர் தயங்கித் தயங்கி அருகே வந்தார். விசைத்தறித் தொழிலாளி. இருபது ஆண்டுகளாகக் கொடி பிடிப்பவர். கம்பம் நடக் குழி தோண்டுவதும் அவர்தான். கூட்டம் கலைந்தபின் கடைசியாக வீடு போவதும் அவர்தான்.

"அண்ணா, ஒரு சிபாரிசு லெட்டர் வேணுங்க."

"யாருக்கு?"

"பையனுக்குங்க. காலேசுல சேர்த்து மூணு மாசம் ஆச்சுங்க. ஆஸ்டல்ல இருக்க முடியலைங்கறான். ரூமை மாத்திக் குடுக்கச் சொல்லி வார்டனுக்கு ஒரு வரி எழுதிக் குடுங்க. இல்லாட்டிப் படிப்பே வேண்டாம், வந்தர்றேன்னு போன்ல அழுகறானுங்க."

எனக்குத் திடுக்கென்றது. அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் கால் அந்தப் பையனுடைய கால். அவன் திரும்பி வந்தால் எங்கே போவான்? தந்தை நிற்கும் தறிக்குத்தான் போவான். ஒரு தலைமுறை ஏறிய படியை மூன்றே மாதத்தில் இறங்கி வருவதா?

"கூட இருக்கும் பையன் என்ன செய்கிறான்? அடிக்கிறானா? திருடுகிறானா?"

"அதெல்லாம் இல்லைங்க. ராத்திரி ஒரு மணி வரைக்கும் லைட்டை அணைக்கறதில்லையாம். போன்ல சத்தமாப் பேசறானாம். ஈரத் துண்டை இவன் கட்டில் மேல போடறானாம். அவங்கம்மா குடுத்தனுப்புன முறுக்கு ரெண்டு நாள்ல காணமாம்."

சிரிப்பு வந்தது. முறுக்குக்காகவா பட்டப்படிப்பை முறித்துக்கொள்வது! சிரிக்க வாயெடுத்தேன். அதற்குள் தோழர் குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொன்றும் சொன்னார்:

"அவன் எந்த ஊட்டுப் பையன்னும் தெரியலீங்க. நம்ம சனமா இருந்தாக்கூடப் பரவால்லீங்க..."

சிரிப்பு செத்துவிட்டது.

ஈரோட்டு மண்ணில் நின்றுகொண்டு, இருபது ஆண்டு கொடி பிடித்த கையைப் பிசைந்துகொண்டு, இப்படி ஒரு கேள்வி! தோழர் கெட்டவரல்லர். கேடு கேள்வியில் இருக்கிறது. அது அவருக்குள் நுழைந்ததே அவருக்குத் தெரியவில்லை. விளக்கில் தொடங்கிய வழக்கு, குலத்தில் போய் நிற்கிறது. துண்டு ஈரமாக இருந்தால் துண்டைப் பற்றிப் பேச வேண்டும். துண்டு போட்டவனுடைய பிறப்பைப் பற்றி ஏன் பேச வேண்டும்?

தோழர்களே, விடுதி அறை என்பது வாடகைக்குக் கிடைத்த நான்கு சுவர் அல்ல. அந்தச் சுவர்களுக்குள் ஒரு வரலாறு இருக்கிறது.

சேரன்மாதேவியை மறந்துவிட்டோமா? வ.வே.சு. ஐயர் அங்கே குருகுலம் நடத்தினார். நாட்டுப்பற்றை வளர்க்கும் பள்ளி என்று சொல்லப்பட்டது. தமிழ்நாடு காங்கிரசு 10,000 ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு 5,000 ரூபாயைக் கொடுத்தும் இருந்தது. பொதுப்பணம்! ஆனால் பந்தி? அது பொதுவாக இல்லை. பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி; மற்றவர்க்கு வேறு பந்தி. படிக்கும் பாடம் ஒன்று, உண்ணும் இடம் இரண்டு! பெரியாரும் டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் பொங்கி எழுந்தார்கள். 1924, 1925 ஆண்டுகளில் தமிழ்நாட்டையே உலுக்கிய வழக்காயிற்று அது. சோற்றுக்காக நடந்த சண்டையன்று. சோற்றின் முன் சமமாக உட்காரும் உரிமைக்காக நடந்த சண்டை.

அதற்கும் முன்பே, டாக்டர் நடேசனார் திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லம் என்று ஒரு விடுதி நடத்தினார். வெளியூரிலிருந்து சென்னைக்குப் படிக்க வந்த பார்ப்பனரல்லாத பிள்ளைகளுக்குத் தங்க இடம் கிடைப்பதே அரிதாக இருந்த காலம் அது. இடம் கிடைத்ததால் படித்தார்கள், படித்ததால் உயர்ந்தார்கள். அந்த இல்லத்தில் தங்கியவர்களில் ஒருவர் ஆர்.கே. சண்முகம் செட்டியார். 1947இல் விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதி அமைச்சர் அவர்தாம். ஒரு பாயும் ஒரு பந்தியும் என்ன செய்யும் என்று கேட்பவர்க்கு இது விடை.

இன்னொரு கதை கேளுங்கள். 1913இல் இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவர், பரோடா மன்னரின் உதவித்தொகையோடு நியூயார்க் நகரில் இறங்கினார். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் விடுதியில் அவருக்கு அறை. உடன் தங்கியவர் நவல் பதேனா என்ற பார்சி இளைஞர். அறைத் தோழமை அறையோடு முடியவில்லை. ஆயுள் முழுவதும் நீண்டது. பின்னாளில், 1920இல், இலண்டனுக்குப் போய்ப் படிப்பை முடிக்கப் பணமின்றித் தவித்தபோது கடன் கொடுத்துக் கைதூக்கி விட்டவரும் அந்த அறைத் தோழர்தாம். இளைஞர் யார்? டாக்டர் அம்பேத்கர்!

கதை இத்தோடு முடிந்தால் இனிப்பு. ஆனால் இடையிலே ஒரு கசப்பு உண்டு. 1917இல் அம்பேத்கர் அரசுப் பணிக்காகப் பரோடா போனார். மேல்நாட்டில் கற்ற அந்த மேதைக்கு ஊருக்குள் தங்க இடமில்லை. வேறு வழியின்றிப் பார்சிகளின் விடுதி ஒன்றில், பார்சிப் பெயரில் தங்கினார். பத்து நாள் கழிந்தது. தடியோடு ஒரு கூட்டம் வந்தது. அன்று மாலைக்குள் வெளியேறு என்றது! பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறியவர், பூங்காவிலே உட்கார்ந்திருந்துவிட்டு இரவு வண்டியில் பம்பாய்க்குப் புறப்பட்டார். அவரே எழுதிவைத்த கொடுமை இது.

பாருங்கள்! நியூயார்க்கில் அறையைப் பகிர்ந்தவரும் பார்சி. பரோடாவில் தடி தூக்கி வந்தவர்களும் பார்சிகள். பிறப்பு ஒன்றே, பண்பு எங்கே ஒன்றாயிற்று? பக்கத்துக் கட்டிலில் இருப்பவன் எந்தச் சனம் என்று தெரிந்துகொண்டால் அவன் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துவிடுமா? குலம் சொல்லாததைக் கூடியிருக்கும் நாள்கள் சொல்லும். அதற்கு மூன்று மாதமாவது பொறுக்க வேண்டாமா?

இதையெல்லாம் பேச நீ கல்லூரி விடுதியைக் கண்டவனா என்று யாரேனும் கேட்கலாம். இல்லை. பள்ளியோடு என் படிப்பு நின்றது. ஆனால் திருவல்லிக்கேணி மேன்ஷன் அறையில் மூன்று பேரோடு நான்காவது ஆளாக நான்கு ஆண்டு இருந்தவன் நான். இரவெல்லாம் விளக்கைப் போட்டுக்கொண்டு எழுதுவேன். பக்கத்தில் படுத்திருந்தவர் உணவு விடுதித் தொழிலாளி; விடியற்காலை நான்கு மணிக்கு எழ வேண்டியவர். ஒரு மாதம் என்னோடு அவர் பேசவில்லை. கர்வம் என்று நான் நினைத்தேன். ஒருநாள் நானே கேட்டேன். அவர் சொன்னார்: "வெளக்கு எரிஞ்சது கூடப் பெரிசில்லே. போட்டுக்கட்டுமான்னு ஒரு வார்த்தை கேக்கலையே, அதான்."

அந்த ஒரு வார்த்தைதான் பாடம். அன்றிரவே பழைய செய்தித்தாளை எடுத்து விளக்குக்கு மறைப்புக் கட்டினோம். நான் எழுதிய கட்டுரை ஒன்று ஒருவருக்கு நிம்மதியான தூக்கம் தந்ததை அன்றுதான் கண்ணாரக் கண்டேன்!

ஆகவே, தோழருக்கு நான் சிபாரிசுக் கடிதம் எழுதவில்லை. பையனுக்கு எழுதினேன். சாரம் இதுதான்:

தம்பி, ஓர் அறையில் இருவர் வாழ இரண்டு மனம் ஒன்றாக வேண்டியதில்லை. இரண்டு வாய் பேசினால் போதும். இன்று மாலையே அவனோடு உட்கார். விளக்கு எத்தனை மணிக்கு அணைய வேண்டும், அதன்பின் படிப்பவர் எங்கே போய்ப் படிப்பது, யார் எந்நாள் அறையைப் பெருக்குவது, ஒருவர் பொருளை மற்றவர் எடுக்கலாமா, கைமாற்று வாங்கினால் என்று திருப்புவது – எல்லாவற்றையும் பேசு. போனில் பேசுவோர் வராந்தாவுக்குப் போகட்டும். அந்த விதி உனக்கும்தான். நினைத்துப் பார், நீ அவனுக்கு என்ன தொல்லை தருகிறாய் என்று அவனிடம் இதுவரை கேட்டாயா?

உறுத்தியதை உறுத்திய அன்றே சொல். மூன்று மாதம் சேர்த்துவைத்தால் துண்டுகூட மூட்டையாகிவிடும். அவனிடம் சொல்ல வேண்டியதை அடுத்த அறையில் போய்ச் சொல்லாதே. "துண்டைக் கொடியில் போடுப்பா" என்று சொல். "உங்க ஆளுங்களே இப்படித்தான்" என்று சொன்னாயோ, அன்றே நீ தோற்றாய். முறுக்கு வந்தால் நீயே முதலில் நீட்டு. கொடுத்துத் தின்ற பண்டத்தில் களவு இல்லை.

ஆனால் ஒன்று. விட்டுக்கொடுக்க வேண்டியது வசதியை, மானத்தையல்ல! யாராவது உன் பிறப்பைச் சொல்லி இழிவு செய்தால், மிரட்டினால், அடித்தால், பணம் பறித்தால், குடிக்கச் சொல்லி வற்புறுத்தினால், அது அறைச் சண்டையன்று, குற்றம். அங்கே பொறுமை பேசாதே. வார்டனிடம் எழுத்தில் கொடு. ராகிங்கைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1997இலேயே சட்டம் வந்துவிட்டது. இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. உன் அப்பாவிடம் சொல், எங்களிடமும் சொல். அன்று சிபாரிசுக் கடிதமல்ல, நாங்களே வருகிறோம்.

அதே அளவுகோல் உனக்கும் உண்டு. நீ ஒருவனை அப்படி இழிவு செய்தாலும் நாங்கள் வருவோம். அவன் பக்கம் நிற்க வருவோம்!

கடிதம் இவ்வளவே.

தோழர்களே, தனிப்பந்தி செத்தது என்று எண்ணி உறங்கிவிடாதீர்கள். அது அடிக்கடி கண்விழிக்கிறது. 2018 டிசம்பரில், சென்னை ஐ.ஐ.டி.யின் உணவுக் கூடம் ஒன்றில் சைவ உணவு உண்பவர்க்குத் தனி வாயில், கை கழுவத் தனி இடம் என்று அறிவிப்புகள் ஒட்டப்பட்டன. மாணவர்கள் கொதித்தார்கள், அறிவிப்புகள் அகற்றப்பட்டன. சேரன்மாதேவிக்கும் அதற்கும் இடையே ஏறத்தாழ நூறு ஆண்டு! அரசு விடுதிகள் இனிச் சமூகநீதி விடுதிகள் என்று அழைக்கப்படும் எனத் தமிழ்நாடு அரசு 2025 சூலையில் அறிவித்தது. நல்ல பெயர். பெயர்ப்பலகையை அரசு எழுதலாம். அறைக்குள்ளே அதை எழுத வேண்டியவர்கள் நம் பிள்ளைகள். அவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுக்க வேண்டியவர்கள் நாம்.

பிள்ளை விடுதியிலிருந்து போன் செய்தால், "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள். "கூட இருக்கிற பையன் சாப்பிட்டானா?" என்றும் கேளுங்கள். "அவன் யாரு?" என்று கேட்காதீர்கள். நம் நாக்கில் ஒரு நொடி வந்துபோகும் கேள்வி, அவன் நெஞ்சில் நாற்பது ஆண்டு தங்கிவிடும்.

கடிதத்தை வாங்கிக்கொண்ட தோழரிடம் ஒன்று கேட்டேன்: "தறியிலே பாவு நூல் நெட்டுவாக்கில் ஓடுகிறது, ஊடை நூல் குறுக்கே ஓடுகிறது. இரண்டும் ஒரே பக்கம் ஓடினால் என்ன ஆகும்?"

"துணியே ஆகாதுங்க" என்றார்.

சிறிது நேரம் கடிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மிச்சமிருந்த நாற்காலிகளை அடுக்கப் போனார்.