வீக்கத்தைக் காட்டிக் கதவடைக்காதீர்கள்

கலஹாவுக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில், 1867 இல், ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அவரை நினைவுகூரத் தவறாத இந்த நாடு, அம்மலைச்சரிவுகளில் ஏறியிறங்கித் தேய்ந்துபோன முழங்கால்களை எண்ணிப் பார்த்ததுண்டா?

கலஹா கடைவீதியில், கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற தாயொருவரைச் சந்தித்தேன். “காலு வீங்கியிருக்கிறதால மூட்டு ஆபரேசன் செய்ய ஏலாதாங்க ஐயா” என்றார். வீக்கத்துக்குக் காரணம் என்னவாம் என்று கேட்டேன். “ஆனைக்காலா இருக்கும்னு சொன்னாங்க.”

நுளம்பு பரப்பும் அந்நோய், இலங்கையில் மேல், தென், வடமேல் மாகாணங்களின் 8 மாவட்டங்களிலேயே நிலைகொண்டிருந்தது. கண்டி அவற்றுள் ஒன்றன்று. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து அந்நோய் இங்கு ஒழிக்கப்பட்டதை உலக சுகாதார நிறுவனம் 2016 இல் அங்கீகரித்தது. மலைநாட்டுக்கு வெளியே வாழ்ந்தறியாத ஒரு தாய்க்குப் பரிசோதனையின்றி அப்பெயரைச் சூட்டுவது நோயறிதல் அன்று, கைகழுவுதல்.

நாட்பட்ட கால் வீக்கம் ஓர் அறிகுறி. இதயமோ சிறுநீரகமோ ஈரலோ பழுதுபட்டிருக்கலாம், நாளங்களின் வால்வுகள் தளர்ந்திருக்கலாம், நிணநீர் தேங்கியிருக்கலாம். இரத்த அழுத்தத்துக்கு விழுங்கும் அம்லோடிபின் மாத்திரையே காரணமாகவும் இருக்கலாம். இவற்றைப் பிரித்தறியாமல், சிறுநீர் போக்கும் மாத்திரையைக் கொடுத்து அனுப்புவது வைத்தியமாகாது.

தயங்கும் வைத்தியர்களின் அச்சம் பொய்யன்று. வீங்கிய காலின் தோல் எளிதில் வெடிக்கும். விரலிடுக்குப் புண் வழியே கிருமி புகும். அது செயற்கை மூட்டைப் பற்றினால், மூட்டையே அகற்ற நேரலாம். இரத்தம் உறையும் ஆபத்தும் உண்டு. சத்திரசிகிச்சைக்குப் பின் வீக்கம் கூடவும் கூடும்.

ஆனால், இவை ஆயத்தம் செய்வதற்கான காரணங்களேயன்றி, ஆராயாமல் மறுப்பதற்கானவையல்ல. புண்ணை ஆற்றலாம். தோலைப் பேணலாம். காலின் இரத்தவோட்டத்தைப் பரிசோதித்தபின் அழுத்தக்கட்டுப் போட்டு வீக்கத்தைக் குறைக்கலாம். அதன் பின்னரும் சத்திரசிகிச்சை வேண்டாமென நிபுணர் கருதினால், காரணத்தைச் சொல்லட்டும், ஏற்றுக்கொள்வோம்.

காரணம் சொல்லப்படாமையே என் வழக்கு. கண்டிக்கோ பேராதனைக்கோ கிளினிக் செல்லும் நாளில், துணைக்கு வரும் மகளின் ஒருநாட் சம்பளமும் போகிறது. அந்த நாளுக்கு ஈடாக ஒரு விளக்கமேனும் கிடைக்க வேண்டாமா?

தாய்மாரே, அடுத்த முறை “ஆபரேசன் செய்யலாமா?” என்று தொடங்காதீர்கள். “என் கால் ஏன் வீங்குகிறது?” என்று கேளுங்கள். விடை கிடைக்கும்வரை கதிரையைவிட்டு எழாதீர்கள்.