பாலித்தீவில் இந்துக்களைத் தேடியோர்

நம் நாட்டுத் தமிழர் கீழைக்கடல் கடந்து செல்வது நேற்று இன்று தோன்றிய வழக்கமன்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டே யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் ஆங்கிலக் கல்வி ஒன்றையே முதலாகக் கொண்டு மலாயாவுக்குக் கப்பலேறினர். புகையிரதப் பகுதியிலும் நில அளவைப் பகுதியிலும் உத்தியோகம் பார்த்தனர். அவர்கள் அனுப்பிய பணத்தால் எழுந்த கல்வீடுகளும் கோயில் மண்டபங்களும் நம் ஊர்களில் இன்றும் உள. 'மலாயன் பென்சனியர்' என்னும் பெயரைக் கேளாது வளர்ந்தவர் நம் பாட்டன்மார் காலத்தில் இலர் எனலாம். அவர்கள் போனது பிழைப்பிற்காக. ஆயினும் போன இடத்தில் இருபது முப்பது ஆண்டுகள் தங்கினர். மலாய் மொழி பயின்றனர். சீனர்க்கும் மலாயர்க்கும் அயலவராய் வாழ்ந்தனர். கோலாலம்பூர் பிறிக்பீல்ட்சிலுள்ள கந்தசுவாமி கோயிலும், சிங்கப்பூரில் சிலோன் வீதியிலுள்ள செண்பக விநாயகர் கோயிலும் அவர்கள் கையால் வளர்ந்தவை.

இக்காலத்தில் நாம் மேற்கொள்ளும் பிரயாணம் வேறு வகையினது. ஒரே வகுப்பிற் படித்த நண்பர்கள் இன்று கொழும்பிலும் கனடாவிலும் இலண்டனிலும் அவுஸ்திரேலியாவிலுமாகப் பரந்து வாழ்கின்றனர். மனைவி மக்களோடு ஓரிடத்திற் கூட வேண்டும் என்னும் ஆசை எழுகின்றது. எங்கே கூடலாம் என்று ஆராய்ந்தால் சிங்கப்பூரோ பாங்கொக்கோ பாலித்தீவோ முன்வந்து நிற்கின்றது. இத்தகைய சந்திப்புகள் நம் பழைய மாணவரிடையே பெருகி வருகின்றன. மிக நன்று. ஆனால், இந்துக் கல்லூரியொன்றின் பிள்ளைகளாகிய நாம் அங்கே எதைப் பார்க்கிறோம், பார்த்ததை எவ்வாறு பேசுகிறோம் என்பது குறித்து எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. சிலர்க்கு அது கசக்கலாம்.

பிரயாண முகவர் தரும் நிரலில் ஏழு நாளில் ஐந்து நகரங்கள் இருக்கும். விடியற்காலையில் வானில் ஏறுவதும், இறங்கிய இடத்திற் படம் பிடிப்பதும், மீண்டும் ஏறுவதுமாகப் பகல் கழியும். இரவு கடைத்தெருவிற் கழியும். போகும்போது பெட்டியிற் பருத்தித்துறை வடையும் மிளகாய்த்தூளும் போகும். சோறு கிடைக்கும் கடை எங்கே என்பதே பெரியவர்களின் முதற் கேள்வி. இவற்றைக் குறை கூற நான் முன்வரவில்லை. குழந்தைகளோடு செல்வோர்க்குச் சோறும் தூக்கமும் முதன்மையானவையே. நான் சொல்ல விழைவது வேறொரு பழக்கத்தைப் பற்றி. போகும் இடமெங்கும் ஓர் அளவுகோலைக் கொண்டு சென்று, நம்மைப்போல் இல்லாதவற்றையெல்லாம் குறையென அளந்து வருகின்றோமே, அப்பழக்கம்.

2024ஆம் ஆண்டு ஆகஸ்டு விடுமுறையில் நாங்கள் நான்கு குடும்பத்தினர், பதினெட்டுப் பேர், கோலாலம்பூரில் இறங்கி, மலாக்காவில் ஓர் இரவும் சிங்கப்பூரில் இரண்டு இரவும் பாலித்தீவில் ஐந்து இரவும் தங்கினோம். என் வற்புறுத்தலாலேயே மலாக்கா நிரலிற் சேர்ந்தது. அங்கே பொற்கொல்லர் வீதியில் பொய்யாத விநாயகர் கோயில் உண்டு. 1781ஆம் ஆண்டில், ஒல்லாந்தர் ஆட்சியின்போது எழுந்த கோயில் அது. அதே தெருத் தொடரிற் பள்ளிவாசலும் சீனர் கோயிலும் அடுத்தடுத்து நிற்கின்றன. விநாயகர் கோயிலுக்குரியோர் மலாக்காச் செட்டிகள். மலாக்காச் சுல்தான்கள் காலத்தில் வாணிகஞ் செய்ய வந்த தமிழ் வணிகர் அவ்வூர்ப் பெண்களை மணந்து தோன்றிய சமூகம் அது. வீட்டில் அவர்கள் பேசுவது மலாய் மொழி. பெண்கள் அணிவது சாரமும் கெபாயாவும். ஆனால் நெற்றியில் திருநீறு உண்டு. பொங்கலுக்கு முதல்நாள் வாழையிலையில் முன்னோர்க்குப் படைக்கும் வழக்கமும் உண்டு.

இதனை நான் எடுத்துச் சொன்னதும் கனடாவிலிருந்து வந்த நண்பர், "தமிழ் தெரியாத தமிழர்! என்ன பரிதாபம்!" என்றார். அவருடைய மகன் பிரயாணம் முழுவதும் எங்களோடு எம்மொழியில் உரையாடினான் என்பதை ஈண்டுக் குறிப்பிடாமல் விடுவதே மரியாதை. தமிழாசிரியன் என்ற முறையில் மொழியிழப்பை இலேசாகக் கருதுபவன் அல்லன் நான். ஆயினும் மொழி கைவிட்டுப் போன பின்னரும் பல தலைமுறைகளாகத் திருநீற்றைக் கைவிடாத ஒரு கூட்டத்தாரைப் பார்த்து இரங்குவதா, வியப்பதா என்று ஒரு கணமேனும் தயங்கியிருக்கலாம். சிங்கப்பூரைப் பற்றி இங்கு எழுத வேண்டியதில்லை. அதனை நம்மவர் அனைவரும் அறிவர். அறியாதவர்க்குக் கடைவிலாசங்கள் அறிந்தவர் சொல்வர்.

இனிப் பாலிக்கு வருவோம். இந்தோனேசியா உலகில் மிக அதிகமான முஸ்லிம் மக்கள் வாழும் நாடுகளுள் ஒன்று. அதன் நடுவே, 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 43 இலட்சம் மக்களைக் கொண்ட இச்சிறு தீவில் நூற்றுக்கு 85 பேருக்கு மேல் இந்துக்கள். விடியுமுன் ஒவ்வொரு வீட்டு வாயிலிலும் தென்னோலையாற் பின்னிய சிறு தட்டில் பூவும் சோறும் வைத்துச் சாம்பிராணிக் குச்சி கொளுத்தியிருப்பர். "ஓம் சுவஸ்தியஸ்து" என்று கைகூப்புவர். முதல்நாள் இவற்றைக் கண்ட எங்கள் குழுவினர்க்கு உண்டான மகிழ்ச்சி சொல்லுந்தரமன்று. இரண்டாம் நாள் அது வடியத் தொடங்கியது. சந்தியிற் பன்றியிறைச்சி சுட்டு விற்கக் கண்டார்கள். கோயில் விழாவில் பூதங்களுக்கு இரத்தங் கொடுப்பதற்காகச் சேவற்போர் நடத்துவர் என்று கேள்விப்பட்டார்கள். மூன்றாம் நாள் ஆகுங் மலைச்சாரலிலுள்ள பெசாக்கி பெருங்கோயிலுக்குச் சென்றோம். அங்கே தலைமையான இடத்தில் உயர்ந்து நிற்பவை மூன்று பத்மாசனங்கள். மூன்றும் வெற்றிருக்கைகள், விக்கிரகம் இல்லை.

திரும்பும் வழியில் வானுக்குள்ளே விவாதம் மூண்டது. இவர்கள் பெயரளவில் இந்துக்கள் என்றார் ஒருவர். சுற்றுலாப் பயணிகளுக்காகக் காட்டும் கூத்து என்றார் மற்றொருவர். எங்கள் சாரதிக்குத் தமிழ் தெரியாது. 'இந்து' என்னும் சொல் மட்டும் மீண்டும் மீண்டும் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். அவர் திரும்பிப் பார்த்து, நெஞ்சிற் கைவைத்துச் சிரித்து, "இந்து, இந்து" என்றார். அத்துடன் வானுக்குள் பேச்சு நின்றது.

அன்று நண்பர்களிடம் சொன்னதையே இங்கு எழுதுகிறேன். நம் குடாநாட்டிலே வைரவர் கோயில்களில் ஆடும் கோழியும் வெட்டிய வேள்விகள் எத்தனை! ஆறுமுகநாவலர் 19ஆம் நூற்றாண்டிற் கண்டித்த அவ்வழக்கம் 21ஆம் நூற்றாண்டில் நீதிமன்றப் படியேறும் வரை நீடித்தது. அதனால் நம்மை எவரும் இந்துக்கள் அல்லர் என்று தள்ளிவிடவில்லை. வெற்றிருக்கையைப் பற்றியோ சொல்லவே வேண்டாம். சிதம்பரத்தில் திரையை நீக்கினால் நாம் காண்பது என்ன? கதிர்காமத்திலே திரைக்கு முன்னே நின்று கண்ணீர் பெருக்கும் நாம் அங்கு விக்கிரகம் எங்கே என்று வினாவுவதுண்டோ? பெசாக்கியின் அம்மூன்று இருக்கைகளும் யார்க்கு உரியன என்று கேட்டால், சிவன், சதாசிவன், பரமசிவன் என்பர் அவ்வூரார். இப்பெயர்களைக் கேட்ட பின்னரும் அந்நியம் பாராட்டும் சைவர், தம் சைவத்தைச் சற்றே தூசுதட்டிப் பார்த்துக்கொள்வது நலம்.

பாலியின் சிவாசாரியரைப் 'பெதண்ட' என்பர். அவர் காலைதோறும் சூரியனிடத்தே சிவனை வழிபட்டு, நீரைத் தீர்த்தமாக்கி, அத்தீர்த்தத்தை ஊரார்க்கு வழங்குவார். இவ்வழிபாட்டின் பெயர் சூரிய சேவனம். டச்சு அறிஞர் ஹோய்காஸ் 1966ஆம் ஆண்டில் இதனைப் பற்றித் தனிநூலே எழுதினார். நம் சிவாசாரியர் நித்திய பூசையைச் சூரிய பூசையோடு தொடங்குதலை அறிந்தோர்க்கு இதில் அந்நியம் என்ன உளது? தங்கள் சமயத்தை அவர்கள் முன்னாளில் 'ஆகம தீர்த்த' என்றும் வழங்கினர். தீர்த்தச் சமயம் என்பது பொருள். ஆகமம் என்றால் நமக்குச் சைவ நூல். இந்தோனேசியாவிலோ சமயம் என்பதற்கே அதுதான் சொல். இஸ்லாத்தையும் 'ஆகம இஸ்லாம்' என்றே கூறுவர். சொல்லாராய்ச்சியில் ஈடுபாடுடையோர்க்கு அப்பக்கம் முழுவதும் விருந்து: மலாய் மொழியிற் கப்பல் 'காப்பல்', கடை 'கெடை', பெட்டி 'பெத்தி', நம்மூர்ச் சுருட்டு அங்கே 'செருத்து'.

நிற்க. இந்து என்னும் பெயர் அவர்கட்கு எளிதாகக் கிடைத்ததன்று. இந்தோனேசியா சுதந்திரம் பெற்ற பின்னர், ஒரே கடவுட் கொள்கையும் வேதநூலும் உடையவற்றையே சமயம் என ஏற்போம் என்றது அந்நாட்டுச் சமய அமைச்சு. பாலி மக்களின் வழிபாடு வெறும் குலவழக்கு என ஒதுக்கப்பட்டது. அறிஞரும் பொதுமக்களும் விடாது வாதாடி 1958ஆம் ஆண்டில் அங்கீகாரம் பெற்றனர்; அடுத்த ஆண்டில் 'பரிசாத' என்னும் சமயப் பேரவையையும் நிறுவினர். யாழ்ப்பாணத்து இந்துக் கல்லூரிகள் எழுந்த வரலாற்றை நினைவுகூர்வோர் இதனை விளங்கிக்கொள்வர். ஆங்கிலம் கற்பதற்காக மதம் மாற வேண்டியிராத ஒரு கல்விக்கூடம் வேண்டும் என்று நம் முன்னோர் தம் பணத்தையும் உழைப்பையும் கொட்டிப் பெற்ற பெயர் அது. அப்பெயரைத் தாங்கிய கல்லூரியிற் படித்து வெளியேறியவர்கள், அரசாங்கத்தின் பரீட்சையிலே ஒருமுறை தேறிய மக்களை வானில் அமர்ந்து மீண்டும் பரீட்சிப்பது எனக்குப் பொருத்தமாகத் தோன்றவில்லை.

நான் சைவன், புலால் உண்ணாதவன். அவர்கள் வழக்கங்களை நாம் கைக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அளந்துகொண்டிருப்பவன் கண்ணிற் படாமற் போகும் பொருள்களையே எண்ணுகிறேன். நான்காம் நாள் ஜத்திலுவி என்னுமிடத்தில் அடுக்கடுக்கான நெல்வயல்களைக் கண்டோம். படமும் பிடித்தோம். அப்போது சாரதி என் மூத்த மகளிடம், "உங்கள் ஊரில் வயலுக்கு எப்போது நீர் விடுவது என்று எந்தக் கோயில் தீர்மானிக்கும்?" என்று ஆங்கிலத்திற் கேட்டார். அவள் என் முகத்தைப் பார்த்தாள். கிணற்று நீரை நம்பி வாழும் குடாநாட்டுப் பிள்ளைக்கு அக்கேள்வியே புதிது.

பாலியில் ஒரே வாய்க்காலின் நீரைப் பங்கிடும் உழவர்கள் கூடி அமைத்த சங்கத்திற்குச் 'சுபாக்' என்று பெயர். ஒவ்வொரு சுபாக்கிற்கும் கோயில் உண்டு. மேல்வயற்காரரும் கீழ்வயற்காரரும் அக்கோயில் முன்றிலிற் கூடி, யார் எப்போது விதைப்பது, எந்த வயலை எப்போது தரிசாக விடுவது என்று முடிவு செய்வர். பத்தூர் ஏரியின் நீர்த்தேவிக்குரிய கோயில் இவற்றுக்கெல்லாம் தலைமையானது. 1970ஆம் ஆண்டுகளில் அரசாங்கம் புதிய நெல்லினங்களைக் கொடுத்து, கோயில் வகுத்த முறையைப் பாராது இடையறாது பயிரிடுமாறு ஊக்கியது. பூச்சிகள் பெருகின, நீர்த்தட்டுப்பாடு உண்டாயிற்று. பலரும் ஒரே காலத்தில் அறுவடை செய்து வயலைச் சேரத் தரிசாக விடும்போது பூச்சிகளுக்கு இரையும் இருப்பிடமும் இல்லாமற் போகும். அந்தக் கட்டு அறுந்ததே காரணம். அமெரிக்க மானிடவியலறிஞர் ஸ்டீவன் லான்சிங் கணினி கொண்டு ஆராய்ந்து, கோயில்கள் வகுத்த ஒழுங்கே விளைச்சலுக்கு உகந்தது எனக் காட்டினார். 2012ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இவ்வயல்களை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. ஆயினும், எம்மைப் போன்ற பிரயாணிகளுக்கென எழும் விடுதிகளும் நீச்சற்குளங்களும் அவ்வயல்களையும் அந்நீரையும் ஆண்டுதோறும் விழுங்கி வருகின்றன. இதனையும் அன்று சாரதியே சொன்னார். குற்றஞ்சாட்டும் குரலில் அன்று, மழை பெய்யவில்லை என்று சொல்லும் குரலில்.

வன்னிக் குளத்து நீரைப் பங்கிட்ட நம் முன்னோரும் பொங்கலும் மடையும் வைத்தே வயலில் இறங்கினர். கோயில் என்பது தேரும் கொடியேற்றமும் உபயகாரர் பட்டியலும் மட்டுமே என்று எண்ணி வளரும் நம் பிள்ளைகள், நீரைப் பங்கிடும் கோயில் ஒன்றைக் கண்டால் எத்தனையோ வினாக்களை எழுப்புவர். விடை சொல்ல நாம்தான் படித்துவிட்டுப் போகவேண்டும்.

ஆதலின் நம் பழைய மாணவர் சங்கத்திற்கு ஒரு விண்ணப்பம். வெளிநாட்டில் நடைபெறும் சந்திப்புகளுக்குப் பிரயாணச் செலவு செய்ய வசதியற்ற இரண்டு மாணவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். பதினெட்டுப் பேர் கடைத்தெருவிற் செலவிடும் பணத்தில் ஒரு பங்கு அதற்குப் போதும். ஐந்து நகரங்களைக் குறைத்து, ஒரே கிராமத்தில் நான்கு நாள் தங்குங்கள். அவ்வூர்ப் பள்ளிக்கூடத்தில் ஒருநாள் கழிக்க ஏற்பாடு செய்யுங்கள். அதற்கு மிக ஏற்ற நாள் பாலியரின் சரஸ்வதி நாள். அன்று பள்ளிதோறும் நூல்களை அடுக்கி மலரிட்டு வணங்குவர். அது 210 நாளுக்கு ஒருமுறை வருவதாதலின், விமானச்சீட்டு வாங்குமுன் அவ்வூர் நாட்காட்டியைப் பார்த்துக்கொள்ளுதல் அவசியம். அன்று நூலைத் திறந்து வாசித்தல் ஆகாது என்பது அங்குள்ள வழக்கு. இச்செய்தியை முன்கூட்டியே அறிவித்தால், உடன்வர விரும்பும் மாணவர்க்குக் குறைவிராது.