குளோரின் என்னும் வசைச்சொல்

அமெரிக்கப் புறநகர் வீடுகளின் கொல்லைப்புற நீச்சல்குளத்தைப் பற்றி எழுத இலக்கியத்தில் நாட்டம் கொண்டோருக்கு என்ன இருக்கிறது என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும். சொற்கள் பொருளை மறைக்கப் பயன்படும் இடமெல்லாம் நமக்கு வேலை இருக்கிறது. 'ரசாயனமற்றது', 'மென்மையானது', 'இயற்கையானது' என்ற மூன்று சொற்களைக் கொண்டு ஒரு பெரும் வணிகம் நீச்சல்குளங்களைச் சுற்றி எழும்பி நிற்கிறது. அந்த மூன்று சொற்களுக்கும் பின்னால் பெயர் சொல்லாமலே சுட்டப்படும் வில்லன் ஒருவன் இருக்கிறான். அவன் பெயர் குளோரின்.

நம் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பைகுவனைடு முறையில் பராமரிக்கப்பட்டு, கோடைதோறும் கலங்கியும் வழுவழுத்தும் உரிமையாளரை அலைக்கழிக்கும் குளத்தைக் குளோரினுக்கு மாற்றிவிடுவதே அறிவுடைமை. மாற்றாமலிருக்கச் சொல்லப்படும் காரணங்களில் பெரும்பாலானவை வேதியியலிலிருந்து வந்தவை அல்ல. விளம்பரத்திலிருந்தும் வர்க்க மனோபாவத்திலிருந்தும் வந்தவை.

பைகுவனைடு என்று இங்கே குறிப்பிடுவது பாலிஹெக்ஸாமெத்திலீன் பைகுவனைடு எனும் பாலிமரை. இது நச்சுப் புரளி அல்ல; நல்ல கிருமிநாசினிதான். புண்களைக் கழுவும் திரவங்களிலும், கண்ணில் அணியும் லென்ஸுகளைச் சுத்தம் செய்யும் கரைசல்களிலும் இது இடம்பெறுகிறது. பாக்டீரியாவின் செல் சவ்வோடு ஒட்டிக்கொண்டு அதைச் சிதைப்பது இதன் செயல்முறை. வெயிலில் சிதையாது, வாசனை இல்லை, நீச்சலுடையை வெளுக்காது. இவையெல்லாம் உண்மையே. ஆனால் ஒரு நீச்சல்குளத்தில் கிருமியைக் கொல்வது பாதி வேலைதான். குளிப்பவரின் வியர்வை, தோல் எண்ணெய், பூசிய களிம்பு, விழுந்த இலை, மகரந்தம் எல்லாவற்றையும் எரித்து இல்லாமலாக்குவது மறுபாதி. ஆக்ஸிஜனேற்றம் என்று வேதியியல் சொல்லும் அந்த மறுபாதி பைகுவனைடுக்குத் தெரியாது. ஆகவே அதற்கென ஹைட்ரஜன் பெராக்சைடைத் தனியே வாங்க வேண்டும். பாசியைத் தடுக்க வேறொரு திரவத்தையும் தனியே வாங்க வேண்டும். 'ரசாயனமற்ற' குளத்துக்கு மூன்று ரசாயனங்கள்!

முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் நன்றாகவே போகும். பிறகு தொல்லை தொடங்குகிறது. எரிக்கப்படாத அழுக்கு சேர்ந்துகொண்டே போகிறது. பைகுவனைடைத் தாங்கிக்கொள்ளப் பழகிய நுண்ணுயிர்கள் தலையெடுக்கின்றன. குழாய்களிலும் ஏணிக்குப் பின்புறத்திலும் இளஞ்சிவப்பு வழுவழுப்பு படர்கிறது. நனைந்த காகிதத்தைக் கிழித்துப் போட்டாற்போல வெண்பூஞ்சை மிதக்கிறது. வடிகட்டி அடைத்துக்கொள்கிறது. கடைக்காரரிடம் போனால் இன்னொரு புட்டி தருகிறார். அதுவும் அதே நிறுவனத்தின் தயாரிப்பு. இந்த முறையில் குளோரின் ஒரு துளிகூடச் சேரக் கூடாது; சேர்ந்தால் பைகுவனைடோடு வினைபுரிந்து நீர் நிறம் மாறிக் கலங்கிவிடும். எனவே வெளியிலிருந்து எதையும் கொண்டுவர முடியாது. ஒரு பக்கம் மட்டும் கதவுள்ள அறையைப் போன்ற ஏற்பாடு இது. அக்கதவின் சாவி விற்பவரின் இடுப்பில் தொங்குகிறது.

குளோரின் இதற்கு நேரெதிரானது. அது யாருடைய தனியுடைமையும் அல்ல. 1774இல் ஷீலே அதை முதலில் பிரித்தெடுத்தார். 1810இல் டேவி அது ஒரு தனிமம் என்று நிறுவி, அதன் வெளிர்பச்சை நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் பெயரிட்டார். இன்று மளிகைக்கடையில் துணி வெளுக்க விற்கும் திரவத்திலும், நீச்சல்குளக் கடையில் பெரிய கலன்களில் விற்கும் திரவத்திலும் இருப்பது ஒரே சோடியம் ஹைப்போகுளோரைட்தான்; செறிவு மட்டுமே வேறு. நறுமணமோ பிற சேர்மானங்களோ கலவாத எந்த நிறுவனத்தின் புட்டியும் அதே வேலையைச் செய்யும். நீரில் எவ்வளவு இருக்கிறது என்பதை வீட்டிலேயே சொட்டுச் சோதனையால் அளந்துகொள்ளலாம். அறிவு உரிமையாளரின் கைக்கு வந்துவிடுகிறது. விற்பவருக்கு அது உவப்பில்லாமல் போவதில் வியப்பில்லை.

'குளோரின் கண்ணை எரிக்கும், நாறும்' என்பது எதிர்த்தரப்பின் முதல் வாதம். பெரும்பாலோர் ஐயமின்றி நம்புவதும் இதையே. குளத்தில் நாம் 'குளோரின் வாடை' என்று சொல்வது பெரும்பாலும் குளோரினின் வாடை அன்று. வியர்வையிலும் சிறுநீரிலும் உள்ள நைட்ரஜன் சேர்மங்களோடு குளோரின் இணைந்து உண்டாகும் குளோரமைன்களின் வாடை அது. கண்ணை எரிப்பதும் முதன்மையாக அவைதான். காரணம், அழுக்கின் அளவுக்கு ஈடான குளோரின் அங்கே இல்லை என்பது. முறையாகப் பராமரிக்கப்படும் திறந்தவெளிக் குளத்தில் வாடை அநேகமாக இராது. நாற்றத்தைக் கண்டு குளோரினைக் குறைப்பவர், நோய் முற்றுகையில் மருந்தை நிறுத்துபவரை ஒத்தவர். பொன்னிறத் தலைமுடி பச்சையாகும் பழியும் குளோரின் மேல்தான் விழுகிறது. அந்தப் பச்சை தாமிரத்தால் வருவது; பாசியைத் தடுக்கவென்று ஊற்றும் தாமிர உப்புகளிலிருந்து வருவது. குற்றம் செய்தவன் ஒருவன், தண்டனை இன்னொருவனுக்கு.

சொல்மோசடியின் உச்சம் 'உப்புநீர்க் குளம்'. கடல்நீரில் நீந்துவதாக எண்ணி மகிழ்கிறார்கள். அந்த உப்பு எதற்கு? கருவியொன்று அதை மின்னாற்பகுத்துக் குளோரினை உண்டாக்குகிறது. உப்புநீர்க் குளம் என்பது குளோரின் குளமேதான். ஏற்பாடு நல்ல ஏற்பாடு. நமக்கு அதில் மறுப்பில்லை. ஆனால் 'குளோரினை விட்டு உப்புக்கு மாறிவிட்டோம்' என்று பெருமையோடு அறிவிப்பவர், பாலை விட்டுத் தயிருக்கு மாறியதால் மாட்டோடு தமக்குத் தொடர்பில்லை என்று சொல்பவரைப் போன்றவர்.

இந்த அருவருப்பு எங்கிருந்து வந்தது? வேதியியலில் விடை இல்லை. சமூக வரலாற்றில் இருக்கிறது. குளோரின் வாடை பொதுக்குளத்தின் வாடை. பலரும், எல்லாத் தரத்தவரும், ஒரே நீரில் இறங்கும் இடத்தின் வாடை. அமெரிக்காவில் பொதுக்குளம் என்பது யார் யாரோடு ஒரே நீரில் இறங்கலாம் என்ற கேள்வியின் போர்க்களமாக இருந்திருக்கிறது. 1949 ஜூன் 21 அன்று செயின்ட் லூயிஸ் நகரின் ஃபேர்கிரவுண்ட் பூங்காக் குளம் கறுப்பினத்தாருக்கும் திறந்துவிடப்பட்டபோது, வெள்ளையர் கும்பல் திரண்டு அவர்களைத் தாக்கியது. 1964 ஜூன் 18 அன்று ஃப்ளோரிடாவின் செயின்ட் அகஸ்டின் நகரில், கறுப்பினத்தாரும் வெள்ளையரும் சேர்ந்து இறங்கிய விடுதிக் குளத்தில் அதன் மேலாளர் அமிலத்தை ஊற்றினார். குளங்களைக் கழுவப் பயன்படும் மியூரியாடிக் அமிலம் அது. மனிதரை அழுக்காகக் கண்ட கண்ணுக்கு அதுவே பொருத்தமான பொருளாகத் தோன்றியிருக்கிறது. மறுநாள் செனட் சபை குடியுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. பொதுக்குளங்கள் எல்லோருக்கும் திறந்தபோது, வசதி படைத்த வெள்ளையரில் பலர் தனியார் மன்றங்களுக்கும் தத்தம் கொல்லைப்புறங்களுக்கும் நகர்ந்தார்கள். கொல்லைப்புறக் குளம் பெருகியதற்கு அதுவே முழுக்காரணம் என்று நாம் சொல்லவில்லை. அந்தக் காரணத்தை விட்டுவிட்டு அதன் வரலாற்றை எழுத முடியாது என்று சொல்கிறோம்.

அதே 1964 ஜூலையில்தான் ஜான் சீவரின் 'தி ஸ்விம்மர்' சிறுகதை நியூயார்க்கர் இதழில் வெளிவந்தது. அண்டை வீட்டுக் குளங்கள் வழியாகவே நீந்தி வீடு சேர முனையும் நெட்டி மெரில், வழியில் ஒரு பொதுக்குளத்தையும் கடக்க வேண்டியிருக்கிறது. அங்கே அவனுக்கு உறைப்பது குளோரின் நாற்றம். அதற்குப் பின் அவன் நீந்தும் ஒரு பணக்காரக் குடும்பத்தின் குளமோ ஓடைநீரால் நிரம்புவது. வடிகட்டியும் இல்லை, விசைக்குழாயும் இல்லை. சீவருக்குத் தெரிந்திருந்தது, எந்த நீர் எந்த வர்க்கத்துக்கு உரியதாக எண்ணப்படுகிறது என்பது. நம் காலத்து 'ரசாயனமற்ற' குளத்தின் கனவு அந்த ஓடைநீர்க் குளத்தின் கனவேதான். பிறரோடு கலவாத நீர், பிறர் வாடை படாத நீர்.

குளோரினின் கதை அந்தக் கனவுக்கு எதிர்த்திசையில் செல்வது. 1847இல் வியன்னாவில் செம்மல்வெய்ஸ், பிணவறையிலிருந்து பிரசவ அறைக்கு வரும் மருத்துவர்கள் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவ வேண்டும் என்றபோது, ஏழைத் தாய்மார்களின் சாவு வெகுவாகக் குறைந்தது. 1908 செப்டம்பரில் ஜான் லீல் என்ற மருத்துவர், ஜெர்சி நகருக்கு நீர் வழங்கும் பூண்டன் நீர்த்தேக்கத்தின் நீரில் யாரிடமும் அனுமதி கேளாமல் குளோரின் சேர்க்கத் தொடங்கினார். வழக்கு நடந்தது; முறை பாதுகாப்பானது என்று தீர்ப்பானது. டைபாய்டு என்ற பெயரே அமெரிக்க நகரங்களில் அரிதாகிப் போனதற்கு அந்தத் துணிச்சலும் ஒரு காரணம். அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2014இல் வெளியிட்ட மாதிரி விதிமுறையும் பொதுக்குளங்களுக்கு முதன்மைக் கிருமிநாசினிகளாகக் குளோரினையும் புரோமினையுமே ஏற்கிறது. பலர் இறங்கும் நீருக்கு எது வேண்டும் என்பது பலரைப் பற்றிக் கவலைப்பட்டவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

குளோரினைத் தெய்வமாக்குவது நம் நோக்கமன்று. 1915 ஏப்ரல் 22 அன்று ஈப்ர நகரருகே படைவீரர்களின் நுரையீரல்களை அரித்தது இதே தனிமம்தான். குளோரினேற்றப்பட்ட குடிநீரில் டிரைஹாலோமீத்தேன்கள் உண்டாகின்றன என்பது 1974இல் ரூக் வெளியிட்ட ஆய்விலிருந்து நமக்குத் தெரியும். காற்றோட்டமற்ற உள்ளரங்கக் குளங்களில் குளோரமைன்கள் மூச்சுக்குழாயை வருத்துகின்றன. 2024 செப்டம்பரில் ஜார்ஜியாவின் கான்யர்ஸ் நகரில், குளங்களுக்கான குளோரின் சேர்மங்களைக் கையாளும் ஆலை தீப்பற்றி ஏறத்தாழ 17,000 பேர் வெளியேற வேண்டியிருந்தது. கிருமிகளில் கூட குளோரினுக்கு அசையாதவை உண்டு. ஒரு பிபிஎம் குளோரினில் ஈ கோலை ஒரு நிமிடத்துக்குள் சாகும், ஹெபடைடிஸ் ஏ வைரஸுக்கு ஏறத்தாழ 16 நிமிடம், ஜியார்டியாவுக்கு 45 நிமிடம்; கிரிப்டோஸ்போரிடியத்துக்கோ 10 நாட்களுக்கும் மேல் ஆகும். 1993இல் மில்வாக்கி நகரக் குடிநீரில் அது புகுந்து ஏறத்தாழ நான்கு லட்சம் பேரை வீழ்த்தியது. இவையெல்லாம் குளோரினை அளந்து, அறிந்து, அஞ்சவேண்டிய இடத்தில் அஞ்சிப் பயன்படுத்த வேண்டும் என்பதற்கான காரணங்கள். பெயரைக் கேட்டதுமே அலறுவதற்கான காரணங்கள் அல்ல.

மாற்றும் வழியையும் சொல்லாமல் விடுவது முறையன்று. பைகுவனைடையும் பெராக்சைடையும் ஊற்றுவதை முதலில் நிறுத்த வேண்டும். பெராக்சைடு நீரில் இருக்கும்வரை குளோரினும் அதுவும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பின்பு திரவக் குளோரினால் தனிக்குளோரின் அளவை 15 பிபிஎம்முக்கு உயர்த்தி அங்கேயே நிறுத்த வேண்டும். தொடக்கத்தில் ஊற்றிய ஒரு மணி நேரத்தில் அது காணாமற்போகும். மீண்டும் அளந்து மீண்டும் ஊற்ற வேண்டும். நீர் பச்சையாகும், மஞ்சளாகும், பழுப்பாகும், பால்போல் கலங்கும். பலர் மனம் தளர்ந்து பழைய புட்டிக்குத் திரும்புவது இங்கேதான். அந்தக் கலங்கல் தோல்வியின் அடையாளமன்று. ஆண்டுக்கணக்கில் சேர்ந்தது எரியும் அடையாளம். மோட்டார் இரவும் பகலும் ஓட வேண்டும். வடிகட்டியை அடிக்கடி பின்னோட்டத்தில் கழுவ வேண்டும். யாரும் இறங்கக் கூடாது. நீர் தெளிந்து, இணைந்த குளோரின் அரை பிபிஎம்முக்கு மேற்படாமல், ஓர் இரவில் குறையும் குளோரின் ஒரு பிபிஎம்மைத் தாண்டாமல் இருந்தால் வேலை முடிந்தது. சில நாட்களும் ஆகலாம், இரண்டு வாரமும் ஆகலாம். அதன்பின் வடிகட்டியின் மணலை மாற்றிவிட வேண்டும். வெயிலிலிருந்து குளோரினைக் காக்கும் சயனூரிக் அமிலத்தைச் சேர்ப்பது அதற்கும் பின்னரே. அமிலத்தையும் குளோரினையும், அல்லது இருவகைக் குளோரின் சேர்மங்களையும், ஒருபோதும் ஒரே பாத்திரத்தில் கலக்கக் கூடாது. அது உயிரைப் பறிக்கும்.

குளோரின் விற்பவர்களும் புனிதர்கள் அல்லர் என்பதையும் சேர்த்தே சொல்வோம். மிதவையில் போட்டுவிட்டு மறந்துவிடலாம் என்று அவர்கள் விற்கும் ட்ரைகுளோர் வில்லைகள், ஒவ்வொரு 10 பிபிஎம் குளோரினோடும் ஏறத்தாழ 6 பிபிஎம் சயனூரிக் அமிலத்தையும் நீரில் சேர்க்கின்றன. குளோரின் செலவாகிவிடுகிறது; அமிலம் தங்கிவிடுகிறது. அது மிகுந்தால் குளோரினின் வீரியம் மங்கும், பாசி படரும், குளோரின் 'வேலை செய்யவில்லை' என்று உரிமையாளர் சலித்துக்கொள்வார். பைகுவனைடு விற்பவருக்கு அன்று நல்ல நாள். தன் குளத்தின் நீரைத் தானே அளக்காதவர் இந்த இரண்டு கடைகளுக்கும் இடையில் பந்தாடப்படுவார்.

நாம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. 'ரசாயனமற்ற' என்ற சொல்லை எழுதுபவர், நீரே ஒரு ரசாயனம் என்பதை ஒரு கணம் எண்ணிப் பார்க்கட்டும். 'இயற்கையான' என்று எழுதுபவர், டைபாய்டும் இயற்கையானதே என்பதை நினைவில் கொள்ளட்டும். 'மென்மையான' என்று எழுதுபவர், யாருக்கு மென்மையானது என்பதையும் சேர்த்தே எழுதட்டும்: குளிப்பவருக்கா, வழுவழுப்புக்கா, விற்பவருக்கா? குழந்தைகள் இறங்கும் நீர் அது. அதில் பெயரடைகளை ஊற்றிப் பயனில்லை.