சவுக்கை எடுங்கள், பனையை வையுங்கள்!



கண்காட்சிக்காக நம் மாணவர்கள் பரங்கிப்பேட்டைப் போரை மாடலாகச் செய்கிறார்கள். சந்தோஷம். 1781 ஜூலை 1-ஆம் தேதி ஹைதர் அலியும் ஆங்கிலத் தளபதி சர் அயர் கூட்டும் மோதியது நம்ம ஊர்ப் பக்கத்து மணல்வெளியில்தானே! பீரங்கி எத்தனை, சிப்பாய்க்குச் சட்டை என்ன நிறம் என்று பெரிய விவாதமே நடக்கிறது. மரத்தைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை. "கடற்கரைதானே, சவுக்கு நட்டுடலாம், ஸ்பாஞ்சுல ஈஸியா வரும்" என்று முடித்துவிட்டார்கள். இதைத்தான் எதிர்க்கிறேன்.

நம் கரையில் சவுக்குத் தோப்பு வந்தது 19-ஆம் நூற்றாண்டில், ரயில் இன்ஜினுக்கு விறகு வேண்டுமென்று. சென்னை ராயபுரத்திலிருந்து முதல் ரயில் கிளம்பியதே 1856-ல். போர் முடிந்து 75 வருஷம்! சீமைக் கருவேலம் அதற்கும் பிறகு வந்தது. முந்திரி போர்த்துக்கீசியர் காலத்துச் சரக்கு. ஒன்றிரண்டு வைத்தால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

மரம் வெறும் அலங்காரம் என்று நினைக்காதீர்கள். ஆங்கிலேயர் பக்கம் சுமார் 8,500 பேர். ஹைதரிடம் அதைப்போல் பல மடங்கு, குதிரைப்படை வேறு. ஆங்கிலேயர் படையில் ஒரு பகுதி கடலோர மணல்மேடுகளைப் பிடித்துக்கொண்டது. மேட்டிலிருந்து பீரங்கி சுட்டது, கடலிலிருந்து கப்பலும் சுட்டது. இப்போது அந்த மேடு முழுக்கச் சவுக்கை அடர்த்தியாக நட்டுப் பாருங்கள். மேட்டில் நிற்பவனுக்குச் சமவெளி தெரியாது, கப்பல்காரனுக்குக் கரை தெரியாது, குதிரை ஓட இடமே இருக்காது. பார்க்க வரும் பள்ளிக்கூடத்துப் பையன் "அப்புறம் எப்படிண்ணே ஜெயிச்சாங்க?" என்று கேட்டால் முழிக்க வேண்டியதுதான்.

இன்றைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து செய்தாலும் சரிவராது. 1830-களில் ஹீத் என்ற ஆங்கிலேயர் இதே பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்தினார். தாது சேலத்திலிருந்து, அடுப்புக்கு மரக்கரி. மெக்கானிக்கல் நண்பர்களுக்குப் பெருமைதான், மரங்களுக்கு அது எமன்.

சவுக்கு மேல் எனக்குக் கோபம் ஒன்றும் கிடையாது. எங்கப்பா சவுக்கு வெட்டும் கூலி. அந்தக் காசில்தான் எங்கள் வீட்டிலேயே முதல் ஆளாக நான் ஃபீஸ் கட்டிப் படிக்கிறேன். அவருக்குக் கையெழுத்து மட்டும்தான் தெரியும். ஆனால் எந்த மரம் மணலில் தானாக முளைக்கும், எதை மனுஷன் வரிசை பிடித்து நட்டான் என்று தூரத்திலேயே சொல்லிவிடுவார். இதையும் படிப்பு என்றுதான் நான் சொல்வேன்.

சரி, எதைத்தான் வைப்பது? பனை, தாழை, புன்னை; மணலில் படர அடப்பங்கொடி. குடிசைகள் பக்கம் நாலைந்து தென்னை. பிச்சாவரத்தைப் பார்த்த உப்பங்கழி ஓரம் தில்லை. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்ததே அந்த மரத்தால்தான்.

நம் ஸ்கேல் 1:200. ஆள் 8 மில்லிமீட்டர் என்றால் 20 மீட்டர் பனை 10 சென்டிமீட்டர் இருக்கணும். ஒரு நண்பர் 3 சென்டிமீட்டரில் செய்து வைத்திருக்கிறார். அது பனை இல்லை நண்பா, வடலி! தண்டுக்குத் தென்னை ஈர்க்கின் அடிப்பக்கம் கனகச்சிதம். ஓலைக்குக் காகிதத்தை விசிறியாக மடித்து வெட்டினால் போதும். தாழைக்குத் தேங்காய் நாரைப் பச்சைச் சாயத்தில் நனைக்கலாம். முப்பது பனை போதும், அதையும் வரிசையாக வைக்காதீர்கள். மேட்டின் உச்சியை மொட்டையாகவே விடுங்கள்; பீரங்கி நிற்க வேண்டிய இடம் அது.