வேட்டைக்கு ஏற்ற துப்பாக்கி

களைக்கொட்டால் மரம் பிளப்பாரில்லை. கோடரியால் களை பறிப்பாருமில்லை. துப்பாக்கிக்கும் இதுவே விதி. ஓசூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிக் காடுகளைப் பற்றிய வேட்டைக் கதைகளை ஆவலுடன் படிக்கும் நேயர்களிற் பலர், துப்பாக்கி என்றால் எல்லாம் ஒன்றே என்று எண்ணிவிடுகிறார்கள். அவ்வாறன்று. எந்தப் பிராணிக்கு எந்தத் துப்பாக்கி என்பதில் ஒரு பெரிய தர்மமே அடங்கியிருக்கிறது.

பறவை வேட்டைக்கு உரியது ரவைத் துப்பாக்கி. அதன் குழல் உட்புறம் வழவழப்பானது. ஒரு தோட்டாவிலிருந்து நூற்றுக்கணக்கான ஈய ரவைகள் விரிந்து பாயும். ‘12 போர்’ என்கிறோமே, அதன் பொருள் யாது? அக்குழலுக்குப் பொருந்தும் ஈயக் குண்டுகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு ராத்தல் எடை என்பதே. ரவையின் நம்பர் ஏற ஏறப் பருமன் குறையும். காடைக்கும் உள்ளானுக்கும் 8-ஆம் நம்பர். காட்டுக்கோழிக்கு 6-ஆம் நம்பர். சுமார் 40 கஜத்துக்கு அப்பால் ரவைகள் சிதறிப் பலமிழந்துபோம்.

பெரிய மிருகங்களுக்கு வேண்டுவது ரைபிள். குழலினுள் வெட்டப்பட்ட திருகு வரிகளால் குண்டு பம்பரம்போற் சுழன்று குறி தவறாமற் செல்லும். ஜவளகிரிப் பெண்புலியையும் கும்மளாபுரத்துச் சிறுத்தையையும் பற்றித் தமது 1954-ஆம் ஆண்டு நூலில் எழுதிய பெங்களூர் கென்னத் ஆண்டர்சன் (1910–1974), வின்செஸ்டர் 0.405 ரைபிளையே பெரிதும் நம்பினார். குண்டின் எடை ஏறக்குறைய 19 கிராம். விசைக்குக் கீழுள்ள நெம்புகோலை ஒரு முறை தள்ளி இழுத்தால் அடுத்த தோட்டா ஏறிவிடும். புலி பாய்ந்து வரும்போது உயிரைக் காப்பது அந்த இரண்டாவது குண்டுதான்.

யானைக்கோ 32 கிராம் குண்டு வேண்டும். அதைச் செலுத்த இரட்டைக்குழல் ரைபிள் வேண்டும். இதிலும் ஓர் அரசியல் உண்டு! 0.450 அளவுத் தோட்டாக்கள் பழைய ராணுவத் துப்பாக்கிகளுக்கு உதவிவிடுமோ என்று அஞ்சிய பிரிட்டிஷ் சர்க்கார், 1907-இல் அவற்றை இந்தியாவில் தடுத்தது. அதன் பயனாகவே 0.465, 0.470 அளவுகள் பெருகின.

இந்த அச்சம் புதிதன்று. உரிமச்சீட்டின்றி இந்தியர் ஆயுதம் வைத்திருக்கலாகாது என்ற ஆயுதச் சட்டம் 1878-இல் வந்தது. ஐரோப்பியருக்கு விலக்கு! அதே ஆண்டில்தான் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்தார். அவர் சுதந்திர பாரதத்தின் கவர்னர் ஜெனரலாக இருந்து ஓய்ந்த பின்னும், 1959-இல் புதுச் சட்டம் இயற்றப்படும்வரை பழைய சட்டம் நீடித்தது. துரைமார் கையில் இரட்டைக்குழல். பயிர் காக்கும் குடியானவன் கையில், வாய் வழியே மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி. ஒரு முறை சுட்டால் மறுமுறை கெட்டிப்பதற்குள் மிருகம் மறைந்துபோம். செத்து அன்று, காயத்தோடு.

காயம்பட்ட மிருகம் என்ன செய்யும்? நேபாளத்திலும் குமாவுனிலும் 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்படும் சம்பாவத் பெண்புலியை ஜிம் கார்பெட் 1907-இல் வீழ்த்தினார். அதன் வலப்புறக் கோரைப்பற்கள் இரண்டும் முன்பே உடைந்திருக்கக் கண்டார். யாரோ சுட்ட பழைய குண்டின் வேலை அது. இயல்பான இரையைக் கடிக்க மாட்டாத புலி மனிதரைத் தேடி வந்தது. சுட்டவன் தப்பினான், தண்டனை அனுபவித்தவர்கள் புல்லறுக்கச் சென்ற ஏழைப் பெண்கள்.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை விளையாட்டுக்குக் கடிவாளம் இட்டது. இந்தக் காடுகளில் ஒரு பெரும் பகுதி 2014-இல் காவேரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமாயிற்று. இன்று இங்கே உரிய துப்பாக்கி மயக்க ஊசித் துப்பாக்கி ஒன்றே. அதுவும் வனத்துறை மருத்துவர் கையில். 2023 பிப்ரவரியில் பாலக்கோடு அருகே பயிரழித்த மக்னா யானையை அவ்வாறே மயக்கி, கும்கியின் துணையுடன் பிடித்து ஆனைமலைக்குக் கொண்டு சென்றார்கள். இதிலும் பிராணியின் எடையறிந்து மருந்தின் அளவைத் தேர்ந்தாக வேண்டும். குறைந்தால் யானை மயங்காது, மிகுந்தால் எழுந்திராது.

எனினும் ராகிக் கதிர் முற்றும் மாதங்களில், பரண்மீது இரவெல்லாம் விழித்திருக்கும் குடியானவனிடம் கருணை பேசினால் மட்டும் போதுமா? அகழியும் முன்னெச்சரிக்கையும் காலந்தாழ்த்தாத நஷ்டஈடும் அவனுக்குக் கிடைக்க வேண்டும். அவை கிட்டாத இடத்தில்தான் மறைத்து வைத்த நாட்டுத் துப்பாக்கி மீண்டும் வெளியே வருகிறது. அதிலிருந்து புறப்படும் ரவை யானையைக் கொல்வதில்லை. அடுத்த ஊர்க்காரனுக்கு யமனாக்கி அனுப்புகிறது.