மறைமொழியும் வாய்மொழியும்

எகிப்து தேசத்தில், நைல் நதியின் கழிமுகத்தில் உள்ள தாந்தா நகரை அடுத்த சிற்றூர்களில் இரண்டு, சென்ற நூற்றாண்டில் திருக்குர்ஆனோடு பிணைந்த இரு பெயர்களை உலகுக்கு அளித்தன. ஷுப்ரா அல்-நம்லாவில் பிறந்த மஹ்மூத் கலீல் அல்-ஹுசரி, மறை முழுவதையும் ஒலிப்பதிவுக்கென ஓதி 1961-இல் நிறைவுசெய்து, அவ்வகையில் முதல் காரீ, அதாவது மறை ஓதுவோர், என்ற கீர்த்தியைப் பெற்றார். குஹாஃபாவில் 1943-இல் பிறந்து, பிள்ளைப் பருவத்திலேயே மறையை மனனம் செய்து ஹாபிஸாகிய நஸ்ர் ஹாமித் அபூ ஸைதோ, மறையைப் பற்றித் தாம் எழுதியவற்றுக்காக 1995-இல் கெய்ரோ மேல்முறையீட்டு நியாயஸ்தலத்தால் மதத்தை விட்டு நீங்கியவர் எனத் தீர்ப்பளிக்கப்பெற்று, அதன் காரணமாகத் திருமண பந்தமும் செல்லாதென்று அறிவிக்கப்பட, மனைவியோடு ஹாலந்து தேசத்து லைடன் நகருக்குச் சென்று குடியேறினார்.

அவர் செய்த குற்றம் யாது? இறைவனுடைய வாக்கு மனிதனை வந்தடைந்தது ஏழாம் நூற்றாண்டின் அரபு மொழியில் ஆதலால், அம்மொழியின் இயல்பையும் அதைக் கேட்டவர்களின் வாழ்வையும் ஆராயாமல் அவ்வாக்கின் கருத்தை அறிய இயலாது என்று 1990-இல் வெளியான தமது நூலில் அவர் வாதித்தார். மொழி என்னும் பொது அமைப்பு வேறு, அதைக் கொண்டு ஒருவர் நிகழ்த்தும் பேச்சு வேறு என மொழியியலாளர் ஸொஸூர் வகுத்த பாகுபாடு அவருக்குப் பெருந்துணையாயிற்று. அது முற்றிலும் புதிய துணிவன்று. அமீன் அல்-கூலி கெய்ரோவில் அமைத்த இலக்கிய ஆராய்ச்சி மரபில் வந்தவர் அவர். அம்மரபில் மறையின் சரித்திரக் கதைகளை ஆராய்ந்த கலஃபுல்லாஹ்வின் பட்ட ஆய்வு 1947-லேயே எதிர்ப்பைச் சந்தித்து நிராகரிக்கப்பட்டது.

நாடு நீங்கிய பின்னர் அவர் சென்ற தூரந்தான் எனக்கு அதிக முக்கியமாகத் தோன்றுகிறது. 2004-இல் உத்ரெக்ட் நகரில், தத்துவ ஞானி இப்னு ருஷ்தின் பெயரால் அமைந்த பீடத்தை ஏற்று நிகழ்த்திய உரையில், மறையை ஒரே நூலாகக் கொண்டு ஆராய்ந்த தமது பழைய முறையையே அவர் திருத்திக்கொண்டார். நூலென்று கொண்டால், பழமைவாதியும் சீர்திருத்தக்காரரும் தத்தமக்கு உவந்த வசனத்தை அடிப்படையென்று நாட்டி, மற்றவற்றை அதற்குக் கீழ்ப்படுத்துவார்கள். அந்த விளையாட்டுக்கு முடிவே இராது. பேச்சென்று கொண்டாலோ, பேசுபவர், கேட்பவர், சந்தர்ப்பம், தர்க்கம், மறுமொழி ஆகிய எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தே தீரவேண்டும்.

மறையின் நடையைக் கவனிப்போர் இதை எளிதில் மறுக்க இயலாது. நபிகள் நாயகத்தை நோக்கிக் கூறுவீராக என ஏவும் சொல் முந்நூறு தடவைக்கு மேல் வருகிறது. அவற்றுள் பலவற்றுக்கு முன்னால் யாரோ ஒருவருடைய கேள்வியோ ஆட்சேபமோ நிற்கிறது. முதல் அத்தியாயமாகிய ஃபாத்திஹாவில், இறைவனைப் படர்க்கையில் துதித்துக்கொண்டிருந்த குரல், நடுவே எவ்வித அறிவிப்பும் இன்றி முன்னிலைக்குத் திரும்புகிறது. பேசுபவன் அங்கே மனிதன், கேட்பவன் இறைவன்.

இத்தகைய ஆராய்ச்சிகள் ஐரோப்பியச் சரக்கு என்போர், ஓதும் கலையையே மறந்தவர்கள். ஆல இம்ரான் அத்தியாயத்தின் ஏழாம் வசனம், பொருள் தெளிவானவை, பலவாறு பொருள் கொள்ளத் தக்கவை என வசனங்கள் இருவகைப்படும் எனச் சொல்லி, பின்னவற்றின் விளக்கத்தை அறிபவன் இறைவன் என்கிறது. அதையடுத்துக் கல்வியில் வேரூன்றியோர் வருகிறார்கள். இறைவன் பெயரோடு மூச்சை நிறுத்தினால் அவ்வறிவு அவனுக்கு மட்டுமே உரியது. நிறுத்தாது தொடர்ந்தால் கற்றோருக்கும் அதில் பங்குண்டு. பெரும்பாலோர் நிறுத்தியே ஓதினர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இப்னு ருஷ்து, தத்துவ ஞானிகளின் உரிமையை நிலைநாட்டத் தொடர்ச்சியையே ஆதாரமாகக் கொண்டார். வியாக்கியானம் செய்யும் அதிகாரம் யாருக்கு என்பதே காரீயின் ஒரு மூச்சில் தங்கியிருக்கிறது!

வசனங்கள் இறங்கிய சந்தர்ப்பங்களைப் தஃப்சீர் எனப்படும் விரிவுரைகளின் பழைய ஆசிரியர்கள் சிரத்தையோடு தொகுத்து வைத்தார்கள் என்பதும் உண்மையே. ஆனால் ஃபிக்ஹு என்னும் மதச் சட்டத்துறை அறிஞர்கள், சந்தர்ப்பம் குறிப்பானதாயினும் சொல்லின் பொதுமையே கொள்ளத்தக்கது என விதி செய்துகொண்டபோது, பேச்சைக் காட்டிலும் ஏட்டுக்கே முதன்மை தந்துவிட்டனர். சட்டம் நடத்துவோருக்கு அவ்விதி வசதியானது என்பதில் ஐயமில்லை. பலதார மணத்தை அனுமதிக்கும் வசனத்தை அவ்விதிப்படி அவர்கள் பொது அனுமதியாகக் கொண்டனர். நபிகள் காலத்து உஹுது யுத்தத்திற்குப் பின் அநாதைகளும் விதவைகளும் பெருகிய சூழலில் எழுந்த வாக்காக அபூ ஸைத் அதைக் கேட்டார். துனிசியாவோ, பேச்சாராய்ச்சியை எதிர்பாராமலே, 1956-இல் பலதார மணத்தைத் தடை செய்தது. மனைவியரிடையே நீதி செலுத்துவது மனிதரால் ஆகாது என்னும் மற்றொரு வசனத்தை இதனோடு சேர்த்து வைத்ததே அதற்குப் போதிய நியாயமாயிற்று.

நூலாகப் படித்தும் அதே முடிவுக்கு வரலாமெனில், புதிய முறையின் பலத்தை வேறிடத்தில் சோதிக்கவேண்டும். மதீனத்து எதிரிகளை நோக்கிய கடுஞ்சொற்கள் அன்றைய பூசலுக்கு மட்டுமே உரியவை என்று இன்றைய சீர்திருத்தக்காரர் உற்சாகமாகச் சொல்கிறார்கள். அப்படியானால், சகிப்பைப் போதிக்கும் மக்கத்து வசனங்களும், வலிமையற்றிருந்த ஒரு சிறு கூட்டத்தை நோக்கி, ஒரு சந்தர்ப்பத்தில் பேசப்பட்டவையே. முன்னதற்கு வரம்பு கட்டிப் பின்னதை எக்காலத்துக்கும் உரியதாக்கும் அளவுகோல் எது என்பதை அபூ ஸைத் 2010-இல் காலமாகும் வரை தெளிவாக வகுத்துச் சொல்லவில்லை. அவரைப் போற்றுவோரும் அக்கேள்விக்கு அருகில் போவதில்லை.